திரை விலகும் வரை

அபிஷேகம் முடிந்ததும் கருவறையின் முன் திரை விழும். உள்ளே அலங்காரம் நடக்கும். வெளியே நிற்கிறவர்களுக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. கால் மணி நேரமும் ஆகலாம், முக்கால் மணி நேரமும் ஆகலாம். நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தை எடுத்து நிதானமாக விரிப்பார். தூணோரம் உட்கார்ந்த பாட்டி தனக்குத் தெரிந்த பதிகத்தை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருப்பார். குழந்தை அப்பாவின் தோளில் தூங்கிப்போகும். பிறகு மணி அடிக்கும், திரை விலகும், தீபம் உயரும். அதுவரை தனித்தனியாக நின்றவர்கள் எல்லாரும் ஒரே கூட்டமாகிக் கை கூப்புவார்கள்.

இன்று பல ஊர்க் கோயில்களில் அந்தக் கால் மணி நேரம் வேறு மாதிரி கழிகிறது. திரை விழுந்ததும் தலைகள் குனிகின்றன. ஒருவர் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறார். இன்னொருவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த வீடியோவைச் சத்தமில்லாமல் ஓட்டுகிறார். நேற்று பார்த்துவைத்த குக்கரின் விலை இறங்கியிருக்கிறதா என்று ஒரு பெண் தேடுகிறார். மணி அடித்ததும் அதே செல்போன்கள் தலைக்கு மேல் உயர்கின்றன. கூப்ப வேண்டிய கைகளில் ஒன்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. பின்னால் நிற்கும் சிறுமிக்கு, முன்னால் நிற்பவரின் செல்போனில் மினுங்கும் சின்னஞ்சிறு தீபம்தான் தரிசனம்.

இவர்களுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கோயில்களில், தர்காக்களில், மாதா கோயில்களில் கூட்டம் முன்னைவிடக் கூடியிருக்கிறது. நமக்குக் கைநழுவிக்கொண்டிருப்பது காத்திருக்கும் திறன். ஒன்றும் நடக்காத கால் மணி நேரத்தை ஒன்றும் செய்யாமல் தாங்கிக்கொள்ளும் பலம். அந்தப் பலம் போனால் கோயிலில் மட்டும் இழப்பு வராது. சாப்பாட்டில், பேச்சில், பிள்ளைகளோடு இருப்பதில், நோயாளியின் கட்டிலருகே உட்காருவதில் எல்லாம் அது தெரியத் தொடங்கும்.

வாசலில் ஒரு கவுன்ட்டர்

2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை முக்கியமான ஓர் உத்தரவைப் பிறப்பித்தது. திருச்செந்தூர் சுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை வேண்டும் என்று கேட்ட வழக்கு அது. நீதிபதிகள் திருச்செந்தூரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கோயில்களின் தூய்மையையும் புனிதத்தையும் காக்க, தமிழ்நாடு முழுவதும் கோயில்களில் செல்போனைத் தடை செய்ய வேண்டும், அவற்றை வாங்கி வைக்கப் பாதுகாப்பான ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இந்து சமய அறநிலையத் துறைக்குச் சொன்னார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பழனி மலைக்கோயிலில் தடை நடைமுறைக்கு வந்தது. அடிவாரத்திலேயே செல்போனைக் கொடுத்துவிட்டு மலையேற வேண்டும். திருமலைக்குப் போய்வந்தவர்களுக்கு இது பழகிய வழக்கம்தான்.

மதுரை மீனாட்சி அம்மன் கோயில் இதில் முந்திக்கொண்டது. 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு, கிழக்குக் கோபுரத்தை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. மண்டபத்தின் உள்ளே இருந்த கடைகள் எரிந்தன. நூற்றாண்டுகளைக் கண்ட கல் தூண்கள் வெடித்துச் சரிந்தன. அதையடுத்து நீதிமன்ற உத்தரவுகளின்படி செல்போனுக்குத் தடை வந்தது, கோயிலுக்குள் இருந்த கடைகளும் வெளியேறின. பாதுகாப்பு கருதி எடுத்த நடவடிக்கைகள்தான் அவை. ஆனாலும் கடையும் செல்போனும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். இரண்டும் ஒன்றுதான். செல்போன் என்பது நம்மோடு நடந்து வரும் கடை.

இதை வைத்துக் கடைகளைத் திட்டக் கூடாது. நம் ஊரில் கோயிலும் கடைத்தெருவும் பகையாளிகளாக இருந்ததே இல்லை. மீனாட்சி கோயிலுக்கு எதிரே 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய புதுமண்டபத்தில், தலைமுறை தலைமுறையாகத் தையல்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாத்திரக் கடை, புத்தகக் கடை, வளையல் கடை எல்லாம் சிற்பத் தூண்களுக்கு நடுவே இருந்தன. சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் வேடம் கட்டுகிறவர்கள் உடுப்பு தைக்க அங்கேதான் வருவார்கள். அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது மதுரைக்காரர்கள் பலர் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானது.

ஸ்ரீரங்கத்தைப் பாருங்கள். ஏழு திருச்சுற்றுகள் கொண்ட கோயில். 1987-ல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரத்தைக் கடந்து உள்ளே நடந்தால் முதலில் வருவது ஊர்தான். அடையவளஞ்சான் வீதி, சித்திரை வீதி, உத்திர வீதி என்று வெளிச்சுற்றுகளில் வீடுகள், பூக்கடை, காபிக் கடை, பாத்திரக் கடை. சந்தையைக் கோயில் தன் மதிலுக்கு உள்ளேயே வைத்துக்கொண்டது. ஆனால் ஒவ்வொரு வாசலைத் தாண்டும்போதும் ஏதோ ஒன்று பின்தங்கும். முதலில் வண்டிச் சத்தம். அப்புறம் கடை விளக்குகள். அப்புறம் செருப்பு. அப்புறம் வெயில். கருவறை நெருங்க நெருங்க வெளிச்சம் சுருங்கி, கடைசியில் எண்ணெய் விளக்கில் தெரியும் ஒரு முகம் மட்டும் மிஞ்சும். இந்தக் கோயில்களைக் கட்டிய ஸ்தபதிகள் மனிதக் கண் எப்படி அலையும், எப்படி அடங்கும் என்பதை அறிந்தவர்கள். சந்தையிலிருந்து சன்னதிக்குப் போகும் தூரத்தைக் கால்கள் நடந்தே கடக்க வேண்டும் என்று கல்லில் எழுதி வைத்தார்கள். சட்டைப் பையில் இருக்கும் செல்போன் அந்தத் தூரம் முழுவதையும் அழித்துவிடுகிறது.

ஆகவே வாசலில் இருக்கும் அந்தக் கவுன்ட்டரை நான் வரவேற்கிறேன். டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறவர்கள் முதல் சில நிமிடங்களுக்குக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் பையைத் தடவிப் பார்ப்பதை எந்தக் கோயிலிலும் காணலாம். அப்புறம் தூண்களைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். கூட வந்தவரோடு பேசத் தொடங்குகிறார்கள்.

தடை தேவையில்லாத இடமும் உண்டு. கொரோனாக் காலத்தில் கோயில்கள் பூட்டிக் கிடந்தபோது, நேரலையில் திருவிழா பார்த்துக் கண்ணீர்விட்டவர்கள் லட்சக்கணக்கானோர். படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியவருக்குப் பிரதோஷ அபிஷேகத்தை மகள் செல்போனில் காட்டினால், அந்தப் பெரியவர் அங்கே முழுதாக இருக்கிறார். வேறெங்கும் போக அவர் மனம் துடிக்கவில்லை. கருவி அவரைச் சன்னதிக்குக் கூட்டிப்போகிறது. சன்னதியில் நிற்கிற நம்மை அதே கருவி வேறெங்கோ கூட்டிப்போகிறது.

முடிவில்லாத பக்கம்

எங்கே கூட்டிப்போகிறது, யாருக்காக?

அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971-லேயே இதன் கணக்கைப் போட்டுவிட்டார். தகவல் பெருகப் பெருக அதை வாங்கிக்கொள்ளும் மனிதக் கவனம் பற்றாக்குறை ஆகும் என்பது அவர் வாதம். பற்றாக்குறையான பொருளுக்குச் சந்தையில் விலை உண்டு. இன்று நாம் காசு கொடுக்காமல் பயன்படுத்தும் செயலிகள் பலவற்றின் வருமானம், நம் கவனத்தை விளம்பரதாரர்களுக்கு விற்பதில்தான் வருகிறது.

2006-ல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் ஓர் ஏற்பாட்டைச் செய்தார். அதுவரை இணையப் பக்கத்துக்கு ஓர் அடி இருந்தது. பத்து, இருபது செய்திகள் முடிந்தால் அடுத்த பக்கத்துக்குப் போக ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அந்த இடத்தில் ஒரு நொடி மனம் நிற்கும். போதும் என்று எழுந்துவிடவும் கூடும். அவர் அந்த அடியை எடுத்துவிட்டார். விரலால் தள்ளத் தள்ளப் பக்கம் வந்துகொண்டே இருக்கும். பிற்காலத்தில் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். அந்த ஒரு நொடியை, நிறுத்திக்கொள்ளும் அந்தச் சின்ன வாய்ப்பை எடுத்ததுதான் இந்தத் தொழிலின் அடித்தளம் என்று நினைக்கிறேன்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் குளோரியா மார்க், மக்கள் ஒரு திரையில் எவ்வளவு நேரம் நிலைக்கிறார்கள் என்று பல ஆண்டுகள் அளந்து வந்தார். 2004-ல் அது சராசரியாக இரண்டரை நிமிடம். அண்மை ஆண்டுகளின் ஆய்வுகளில் சுமார் 47 நொடி. அலங்காரத் திரைக்கு முன் கால் மணி நேரம் நிற்பது நமக்கு ஏன் இவ்வளவு கடினமாகிவிட்டது என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

பொருள் வாங்குவதிலும் இதே கதைதான். 2021-க்குப் பிறகு இந்திய நகரங்களில் பத்து நிமிட டெலிவரி பரவியது. மாவிலையும் வெற்றிலையும் அருகம்புல்லும்கூட அழைப்பு மணி அடித்து வந்து நிற்கின்றன. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, தனியாக இருக்கும் முதியவருக்கு இது உதவி. மறுக்கவில்லை. ஆனால் வேண்டும் என்ற நினைப்புக்கும் கையில் கிடைப்பதற்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் நாம் ஒரு பொருள் நிஜமாகவே வேண்டுமா என்று யோசித்தோம். பக்கத்து வீட்டில் இருக்கிறதா என்று கேட்டோம். கேட்கப்போன இடத்தில் அவர்கள் வீட்டுக் கதையும் தெரிந்தது.

கடை வீதியில் கருடன்

அட்சய திருதியை அன்று கும்பகோணத்துக்குப் போனால் ஓர் அரிய காட்சி கிடைக்கும். ஊரிலுள்ள பல பெருமாள் கோயில்களின் உற்சவர்கள் கருட வாகனத்தில் புறப்பட்டுப் பெரிய கடை வீதியில் ஒரே வரிசையில் வந்து நிற்பார்கள். பன்னிரண்டு கருட சேவை என்றே அதற்குப் பெயர். ஜவுளிக் கடைகளுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் நடுவே, சந்தைக்குச் சாமியே வந்துவிடுகிற நாள். வெயிலில் நிற்கும் கூட்டத்துக்கு மோரும் பானகமும் கொடுப்பார்கள்.

அதே நாள் சமணர்களுக்கும் பெரிய நாள். முதல் தீர்த்தங்கரர் ரிஷபநாதர் ஓராண்டுக்கும் மேலான நோன்பைக் கரும்புச் சாற்றைப் பருகி முடித்துக்கொண்ட நாள் என்பது அவர்கள் நம்பிக்கை. அதை நினைத்து ஓராண்டாக விரதம் இருந்துவரும் சமணர்கள், இந்த நாளில் கரும்புச் சாறு அருந்தி விரதத்தை முடிக்கிறார்கள். நம் பக்கத்தில் இது தானத்துக்கான நாளாக இருந்தது. கோடையில் வருவதால் தண்ணீர்ப் பானை, விசிறி, குடை, தயிர்சாதம் என்று கொடுப்பார்கள். கொடுத்தால் குறையாது என்பதுதான் அந்த நாளின் பொருள்.

நகை வாங்குவதற்கான நாளாக அது தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது இந்த நூற்றாண்டில்தான். முழுப் பக்க விளம்பரங்களும், விடிகாலையில் திறக்கும் நகைக்கடைகளும், முன்பதிவுச் சலுகைகளும் சேர்ந்து கொடுக்கும் நாளை வாங்கும் நாளாக மாற்றிவிட்டன. இன்று ஒரு கிராம் நாணயமாவது வாங்காவிட்டால் ஏதோ குறை வந்துவிடும் என்று, கடன் அட்டையைத் தேய்க்கிற குடும்பங்கள் உண்டு. பக்தி என்ற பெயரில் ஒரு பயம் விதைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு இதில் கோபம் உண்டு. தங்கம் வாங்குவது குற்றமில்லை. பெண்ணின் கையில் இருக்கும் தங்கம் எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் வாங்க முடியாதவர் தலைகுனிய வேண்டிய நாளாக ஒரு தான நாளை மாற்றியது சரியில்லை.

ஆடி மாதத்தின் கதை கொஞ்சம் வேறு. ஆடியில் கல்யாணம் இல்லை, அதனால் ஜவுளிக்கடையில் வியாபாரம் இல்லை, தேங்கிய சரக்கை விலை குறைத்துத் தள்ளினார்கள். வியாபாரத் தேவையில் பிறந்த தள்ளுபடி அது. இன்று அதுவே மாதத்தின் முதல் அடையாளமாகிவிட்டது. அம்மன் கோயில் வாசலில் பானை பானையாகக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, சின்ன வெங்காயமும் கருவாட்டுக் குழம்பும் தொட்டுக்கொள்ளக் கொடுத்து, தெருவே தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்கும் வழக்கம் இன்னும் சாகவில்லை. சென்னையின் குடிசைப் பகுதிகளில் அது உயிரோடு இருக்கிறது. மாவைக் கரைத்துப் புளிக்கவைக்க ஓர் இரவு வேண்டும். எந்தச் செயலியாலும் அந்த இரவைக் குறைக்க முடியாது.

முதலில் விடுவது, பிறகு உண்பது

நம் பண்டிகைகள் பொருளை வெறுத்ததில்லை. பட்டும் நெய்யும் பூவும் தங்கமும் வேண்டும் என்றுதான் அவை சொல்கின்றன. ஆனால் அந்தப் பொருளுக்கு முன்னால் ஒரு காத்திருப்பை வைத்தன. மார்கழியில் பாடப்படும் ஆண்டாளின் திருப்பாவையில் இதைத் தெளிவாகக் காணலாம். இரண்டாம் பாசுரத்திலேயே நோன்பிருக்கும் பெண்கள் எதையெல்லாம் விடுகிறார்கள் என்ற பட்டியல் வருகிறது. நெய் இல்லை, பால் இல்லை, கண்ணுக்கு மை இல்லை, தலைக்குப் பூ இல்லை. புறம் பேசுவதும் இல்லை என்று சேர்க்கிறாள் ஆண்டாள். இருபத்தேழாம் பாசுரத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடுகின்றன. வளையும் தோடும் புது உடையும் அணிந்து, நெய் முழங்கை வரை வழியப் பால்சோறு உண்கிறார்கள், அதுவும் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து. அதைத்தான் மார்கழி 27-ல் கூடாரவல்லி என்று அக்காரவடிசிலோடு கொண்டாடுகிறோம். முன்னால் இருபத்தைந்து நாள் விட்டிருந்தால்தான் அந்த நெய் மணக்கும்.

இதோடு சேர்ந்த வைணவ மரபுக் கதை இன்னொன்று. மதுரைக்குப் பக்கத்தில் அழகர்கோயிலில் இருக்கும் பெருமாளுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டாள். அதை அவளால் நிறைவேற்ற முடியவில்லை. நூற்றாண்டுகள் கழித்து ராமாநுஜர் அந்த நேர்த்தியைத் தாம் செய்து முடித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது, ஆண்டாள் அவரை அண்ணா என்று அழைத்ததாகச் சொல்வார்கள். சொன்ன சொல் இவ்வளவு காலம் காத்திருந்தது. தங்கைக்காக அண்ணன் கடனடைத்த கதையாக அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குக் காத்திருப்பு தண்டனையாகத் தெரிந்திருக்காது.

ரமலான் மாதத்தில் சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்கு மாலையில் போய்ப் பாருங்கள். 1795-ல் கட்டிய பள்ளிவாசல் அது. வெளியே சாலையில் துணிக்கடைகளும் அத்தர் கடைகளும் ஜொலிக்கும், பெருநாள் வியாபாரம் சூடு பிடித்திருக்கும். உள்ளே நோன்பாளிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் உணவு இருக்கும். பசி இருக்கும். யாரும் தொட மாட்டார்கள். மக்ரிப் பாங்கு ஒலிக்கும் அந்த நிமிடத்தில் முதலாளியும் கடைப்பையனும் ஒன்றாகப் பேரீச்சம்பழத்தை எடுப்பார்கள். பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து அகதியாக வந்த ஒருவர் தொடங்கிய சூஃபிதார் அறக்கட்டளையின் இந்துத் தொண்டர்கள் பல பத்தாண்டுகளாக அங்கே நோன்பு திறக்க உணவு பரிமாறி வருகிறார்கள். கடைசிப் பத்து நிமிடத்தைக் காசு கொடுத்துக் குறைத்துக்கொள்ள அங்கே வழியில்லை. நோன்பிருப்பவருக்குப் பகல் முழுவதும் நாக்கே நினைவூட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர்க் குடத்தைக் கடக்கும்போதெல்லாம் தான் இன்று எங்கே நிற்கிறோம் என்று தெரியும். அன்றாடத்தில் விழிப்போடு இருக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

கிறிஸ்தவர்களின் தவக்காலமும் நாற்பது நாள் பயிற்சிதான். மறைந்த போப் பிரான்சிஸ் 2020-ல் சாம்பல் புதன் அன்று, தொலைக்காட்சியை அணைத்து விவிலியத்தைத் திறக்கும் காலம் இது, செல்போனிலிருந்து விலகியிருக்கும் காலம் என்ற பொருளில் பேசினார். அதற்கு முன், 2017 நவம்பரில், திருப்பலி நேரத்தில் செல்போன்கள் உயர்வதைக் கண்டு வருந்துவதாகச் சொன்னவர், விசுவாசிகள் மட்டுமல்லாமல் குருக்களும் ஆயர்களும்கூட அப்படிச் செய்வதைக் குறிப்பிட்டார். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காவி உடுத்திக் கால்நடையாகப் போகும் தமிழ்க் கத்தோலிக்கர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ரயிலில் ஓர் இரவில் போய்விடலாம். நாள் கணக்கில் நடக்கிறார்கள்.

அடுப்படி

கோயில் வாசலில் செல்போனை வாங்கி வைத்துவிடலாம். வீட்டு வாசலில் அப்படி யாரும் நிற்பதில்லை.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-ல் இசைத்தட்டாக வந்தது. அறுபது ஆண்டுகளாகத் தென்னிந்திய வீடுகளின் விடியல் அதில் நனைகிறது. இன்று பல வீடுகளில் அது சமையலறை ஸ்பீக்கரில் தானாக ஓடி, தானாக நிற்கிறது. அம்மா டிபன் கட்டுகிறார், அப்பா மின்னஞ்சல் பார்க்கிறார், பிள்ளை ரீல்ஸ் பார்க்கிறது. சாமியை எழுப்பப் பாடும் பாட்டில் வீட்டில் ஒருவரும் விழிக்கவில்லை. முழுவதையும் கேட்க இருபது நிமிடம் போல ஆகும். நேரமில்லாதவர் ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு அதையாவது உட்கார்ந்து கேட்கலாம். அதற்கு எந்தச் சாத்திரமும் குறுக்கே நிற்காது.

பெரியபுராணத்தில் வரும் பூசலாரை நினைத்துக்கொள்கிறேன். சென்னைக்கு மேற்கே, அரக்கோணம் போகும் ரயில் பாதையில் இருக்கும் திருநின்றவூர்க்காரர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசு இல்லை. மனத்துக்குள்ளேயே கட்டினார். மனத்தில் கட்டுவதற்கு ஒரு நொடி போதும். ஆனால் அவர் நல்ல நாள் பார்த்து அடிக்கல் நாட்டி, ஒவ்வொரு கல்லாக எழுப்பி, விமானம் கட்டி, கிணறும் குளமும் வெட்டி, பல நாள் எடுத்துக்கொண்டுதான் கட்டினார் என்கிறார் சேக்கிழார். காஞ்சியில் பல்லவ மன்னன் கல்லால் எழுப்பிய கோயிலுக்குக் குடமுழுக்கு நாள் குறித்தபோது, இறைவன் அவன் கனவில் வந்து, அன்றைக்கு எனக்குத் திருநின்றவூரில் வேலை இருக்கிறது, உன் விழாவைத் தள்ளிவை என்றாராம். இருதயாலீஸ்வரர் கோயில் இன்றும் அந்த ஊரில் இருக்கிறது. கதையின் உயிர் ஏழ்மையில் இருப்பதாகப் பலர் சொல்வார்கள். எனக்கு அந்த நிதானம்தான் பெரிதாகப் படுகிறது. பார்ப்பவர் யாரும் இல்லாத இடத்தில்கூட அவர் ஒரு வேலையையும் தாவவில்லை.

வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசித்து வருகிறவர்களுக்குச் சாதியும் மதமும் கேட்காமல் சோறு போடுகிறார்கள். அதே வடலூரின் சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு வண்ணத் திரைகள் ஒவ்வொன்றாக விலகி ஜோதி தெரியும். அந்தத் தரிசனத்துக்குக் கூடும் லட்சம் பேரைப் பற்றித்தான் செய்தி வரும். அடுப்புக்கு அரிசி களைகிறவர்களைப் பற்றி வராது. இரண்டும் ஒரே வழிபாடு என்பதுதான் வள்ளலார் காட்டிய பாதை. ரமண மகரிஷி திருவண்ணாமலை ஆசிரமத்தின் சமையலறையில் பல ஆண்டுகள் விடியலுக்கு முன் உட்கார்ந்து காய் நறுக்கினார். பந்தியில் மற்றவர்களைவிடத் தமக்குக் கூடுதலாக ஒரு கரண்டி விழுவதை அவர் ஏற்றதில்லை. உலகம் தேடிவந்த ஞானி கத்தரிக்காயின் காம்பைக்கூட வீணாக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதில் நமக்கு வேண்டிய உபதேசம் முழுவதும் இருக்கிறது.

சாப்பிடும் தட்டுக்கு முன் செல்போனைச் சாய்த்துவைத்தால்தான் வாயைத் திறக்கிறது என்று பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிற பெற்றோரிடம் கேட்க ஆசைப்படுவது ஒன்றுதான். நிலாவைக் காட்டி ஊட்டிய காலத்தில் ஊட்டியவரின் கண் எங்கே இருந்தது? பிள்ளையின் முகத்தில் இருந்தது. இன்று திரையை எடுத்துவிட்டு ஊட்டினால் முதல் வாரம் சண்டை வரும். இரண்டாம் வாரம் கேள்விகள் வரும். கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளாக இருப்பதுதான் கடினம், அதுதான் நோன்பு.

யார் காத்திருக்கிறார்கள்?

காத்திருப்பைப் புகழ்ந்து எழுதும்போது ஓர் உண்மையை மறைத்தால் அது பெரும் பிழையாகும். நம் வீடுகளில் காத்திருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். எல்லாரும் உண்டு முடிக்கும் வரை, அடுப்பு அணையும் வரை. மார்கழிக் கோலமும் பொங்கல் பானையும் அதிரசப் பாகும் அவர்கள் முதுகில் ஏறிய பாரங்கள். பாரம் குறைய மிக்ஸி வந்தது, கேஸ் அடுப்பு வந்தது, டெலிவரி வந்தது. அதை யாரும் பறிக்கக் கூடாது. மிச்சமான அந்த நேரத்தைச் செல்போன் விழுங்காமல் அந்தப் பெண்ணுக்கே மீட்டுக் கொடுப்பதுதான் நாம் செய்ய வேண்டியது. அதற்கு வீட்டு ஆண்களும் அரிவாள்மனை அருகே உட்கார வேண்டும். ரமணர் உட்கார்ந்தார்.

இன்னொரு காத்திருப்பும் இருந்தது. மதுரை மீனாட்சி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் நூற்றாண்டுகளாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத அய்யர், கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தபோதுதான் அந்தக் காத்திருப்பு உடைந்தது. ஒருவரை மட்டும் நிறுத்திவைத்து இன்னொருவரை உள்ளே விடுவதற்குக் காத்திருப்பு என்று பெயர் சூட்ட முடியாது. அது அவமதிப்பு. எல்லாரும் சேர்ந்து காத்திருப்பதுதான் வழிபாடு. வாலாஜா பள்ளிவாசலின் அந்தக் கடைசிப் பத்து நிமிடமும், வடலூரின் பந்தி வரிசையும் அதனால்தான் மனத்தைத் தொடுகின்றன.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பெரிய கோயில்களில் இன்று நடக்கும் கட்டண தரிசன வரிசை எந்தப் பக்கம் சேரும்? சந்தை நமக்கு விற்கும் அதே பொருளைத்தான் அங்கும் விற்கிறார்கள்: காத்திருக்காமல் இருக்கும் வசதியை. இலவச வரிசையில் கூலித் தொழிலாளி மூன்று மணி நேரம் கம்பிகளுக்கு நடுவே நிற்கும்போது, பக்கத்துக் கம்பியில் ரசீது வைத்திருப்பவர் கடந்து போகிறார். கோயிலுக்கு வருமானம் வேண்டும், பராமரிப்புக்கும் அன்னதானத்துக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் அது தேவை என்ற வாதம் எனக்குத் தெரியும். உண்டியலும் கட்டளையும் நன்கொடையும் அதற்கு வழிகள். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் தனி வழி அவசியம். அதற்குக் காசு வாங்கக் கூடாது. மற்ற எல்லாருக்கும் ஒரே வரிசை போதும்.

அந்த வரிசையைக் காத்திருக்கத் தகுந்த இடமாக்குவது கோயில் நிர்வாகங்களின் கடமை. உட்காரத் திண்ணை, குடிக்கத் தண்ணீர், காற்று வரும் கூரை. ஓதுவாரை ஒலிபெருக்கிக்குப் பின்னால் ஒளித்துவைக்காமல், வரிசை நகரும் மண்டபத்திலேயே உட்காரவைத்துத் தேவாரம் பாடச் சொல்லலாம். தூணில் இருக்கும் சிற்பம் யார் என்று நாலு வரியில் தமிழில் எழுதி வைக்கலாம். பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டே போக அப்பாவுக்கு வசதியாக இருக்கும். பழனியில் மலையேற வரும் அத்தனை பேரின் செல்போன்களையும் வாங்கி, டோக்கன் கொடுத்து, இறங்கும்போது திருப்பித் தரும் ஏற்பாட்டை அறநிலையத் துறையால் செய்ய முடிந்திருக்கிறது. கட்டண வரிசையின் கம்பியை எடுத்துவிடுவது அதைவிடச் சிறிய வேலை. தைப்பூசக் கூட்டத்துக்கு முன்பே தொடங்கலாம்.